‘புட் ஃபார்வர்ட்’ சரியாக வர எந்த அகராதி? நான்கு இலவசத் தளங்கள், ஓர் ஒப்பீடு

‘புட் ஃபார்வர்ட்’ என்றால் என்ன என்று கேட்டால், மதுரையில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகூட ‘முன்வைத்தல்’ என்று சொல்லிவிடும். புட் என்றால் வை, ஃபார்வர்ட் என்றால் முன்னால். தமிழில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. அதே பிள்ளை கல்லூரிக்குப் போய், கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷனுக்கு உட்காரும்போது ‘ஐ புட் ஃபார்வர்டட் தட்…’ என்று ஆரம்பிக்கிறது. நாலே சொல்லில் இரண்டு தவறு. பொருள் தெரிந்தும் வாக்கியம் வரவில்லை என்றால், புரட்டிய அகராதி பொருளோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அதனால் இந்த ஒரே ஃப்ரேசல் வெர்பை, அதாவது வினையும் அதோடு ஒட்டும் சிறு சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தருகிற இந்தத் தொடரை, உரைகல்லாக வைத்து லாங்மேன், காலின்ஸ், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் ஆகிய நான்கு அகராதித் தளங்களையும் இங்கே மதிப்பிடுகிறோம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகள் நான்கிலும் உண்டு. நான்கையும் போனில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றுதான் பார்ப்பேன் என்பவர் லாங்மேன் பார்க்கட்டும். வாக்கியம் அமைப்பதில் தடுமாறுகிறவர் கூடவே காலின்ஸையும் திறக்க வேண்டும். மற்ற இரண்டும் நல்லவைதான், ஆனால் இந்த வினைக்கு இரண்டாவது வரிசை.

அகராதி எதையெல்லாம் சொல்லித்தர வேண்டும்?

மதிப்பிடுவதற்கு முன்னால், இந்த வினையைப் பிழையில்லாமல் பயன்படுத்த என்னென்ன தெரிய வேண்டும் என்று பார்த்துவிடுவோம்.

முதல் விஷயம், இது தனியாக நிற்காது. முன்வைக்கப்படுவது எதுவோ அது பெயர்ச்சொல்லாகக் கூட வந்தே ஆக வேண்டும்: ப்ரொபோசல், சஜஷன், ப்ளான், ஐடியா, ஆர்க்யுமென்ட், தியரி, வியூ. தமிழிலேயே ‘வைகையில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்று முன்வைத்தார்’ என்றால் காதில் இடறுகிறது. ‘தடுக்க வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார்’ என்றால்தான் வாக்கியம் நிறைகிறது. ஆங்கிலமும் அதையேதான் கேட்கிறது. ‘புட் ஃபார்வர்ட் தட்’ வராது. ‘புட் ஃபார்வர்ட் தி ஐடியா தட்’ வரும். ‘புட் ஃபார்வர்ட் அபவுட்’ என்பதும் அப்படித்தான், கூடவே கூடாது. வினைக்குப் பின்னால் நேராக ‘தட்’ போட்டுப் பேச வேண்டுமென்றால் ‘சஜெஸ்ட்’, ‘ப்ரொபோஸ்’, ‘ஆர்க்யூ’ என்று வேறு வினைக்குப் போய்விடலாம்.

இது தமிழ் நமக்குக் கைகொடுக்கிற இடம். காலை வாருகிற இடமும் ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலான பாடக்குறிப்புகள் தொடுவதே இல்லை. நம் செய்தித்தாள் தமிழில் எதையும் முன்வைக்கலாம். குற்றச்சாட்டை முன்வைப்பார்கள், விமர்சனத்தை முன்வைப்பார்கள், கேள்வி, ஆட்சேபம், நிபந்தனை எல்லாவற்றையும் முன்வைப்பார்கள். ‘புட் ஃபார்வர்ட்’ அத்தனையையும் தாங்காது. குற்றச்சாட்டு என்றால் ஆங்கிலத்தில் ‘மேக் அன் அலிகேஷன்’. விமர்சனத்துக்கு ‘லெவல்’ அல்லது ‘மேக்’. ஆட்சேபத்துக்கு ‘ரெய்ஸ் அன் அப்ஜெக்‌ஷன்’. நிபந்தனைக்கு ‘லே டவுன் கண்டிஷன்ஸ்’. கேள்விக்கு ‘ரெய்ஸ்’ போடலாம், அல்லது ஃபார்வர்டை விட்டுவிட்டு ‘புட் அ க்வெஸ்ச்சன் டு ஹிம்’ என்று அதே புட்டை வைத்தே சொல்லலாம். கோரிக்கை மட்டும் இரண்டு மொழியிலும் ஒத்துப்போகிறது: ‘புட் ஃபார்வர்ட் டிமாண்ட்ஸ்’ செல்லும். மற்றவர்கள் பரிசீலித்து ஏற்கவோ தள்ளவோ ஒரு விஷயத்தை அவர்கள் முன்னால் வைப்பதுதான் இந்த வினையின் உயிர். குற்றம் சாட்டுகிறவர் யாரும் பரிசீலனைக்காகச் சாட்டுவதில்லை. அதனால்தான் அங்கே இது பொருந்தவில்லை.

அடுத்தது இடம். ‘புட் ஃபார்வர்ட் அ ப்ளான்’, ‘புட் அ ப்ளான் ஃபார்வர்ட்’ இரண்டும் சரி. ப்ளானுக்குப் பதில் ‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஃபார்வர்ட்’. ‘புட் ஃபார்வர்ட் இட்’ என்பது எந்த நாட்டு ஆங்கிலத்திலும் கிடையாது. பெயர்ச்சொல் தொடர் நீளமாக இருந்தால் எதிர்த் திசை: ‘மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் இடையே இரவு பஸ் விடும் திட்டம்’ என்று ஆறேழு சொல் கொண்ட திட்டத்தை நடுவில் திணித்தால், கேட்பவர் ஃபார்வர்ட் வருவதற்குள் புட் இருந்ததையே மறந்துவிடுவார். நீளமானதைக் கடைசியில் போடுங்கள்.

வினையின் வடிவம் மாறவே மாறாது. நேற்றும் புட், இன்றும் புட், முடிந்துபோனதற்கும் புட். ‘புட்டட்’ இல்லை. ‘ஃபார்வர்டட்’ என்ற பிழை வருவதற்குக் காரணம் தெளிவு. மெயிலையும் வாட்ஸ்அப் செய்தியையும் ‘ஃபார்வர்ட்’ செய்து பழகிய வாய் அது. அங்கே ஃபார்வர்ட் தானே வினை, அதனால் ‘ஃபார்வர்டட்’ ஆகிறது. இங்கே வினை புட். ஃபார்வர்ட் வெறும் ஒட்டு, அது எந்தக் காலத்திலும் மாறாது.

யாரிடம் முன்வைக்கிறோம் என்பதைச் சொல்ல ‘டு’ வேண்டும். ‘ஹீ புட் ஃபார்வர்ட் அஸ் அ ப்ளான்’ என்று ‘கிவ்’ மாதிரி இரண்டு செயப்படுபொருளை அடுக்க முடியாது. கடைசியாக ஒன்று: யோசனையைப் போலவே ஆளையும் முன்வைக்கலாம். ஒரு பதவிக்கு ஒருவர் பெயரைப் பரிந்துரைப்பது ‘புட் ஹெர் நேம் ஃபார்வர்ட்’, தானே முன்வருவது ‘புட் யுவர்செல்ஃப் ஃபார்வர்ட்’. எதற்காக என்பதற்கு அங்கே ‘ஃபார்’ வரும். சங்கக் கூட்டங்களில் நாம் முன்மொழிந்து வழிமொழிவது இதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் முறைப்படி முன்மொழிவதற்கு ‘ப்ரொபோஸ்’, வழிமொழிவதற்கு ‘செகண்ட்’ என்று தனி வினைகள் உண்டு. கூட்டக் குறிப்பு எழுதும்போது அவற்றையே எழுத வேண்டும்.

இத்தனையும் ஓர் அகராதிப் பதிவு சொல்லித்தருமா? முழுசாக எதுவும் சொல்லவில்லை. யார் எவ்வளவு சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

லாங்மேன்

லாங்மேனின் தற்கால ஆங்கில அகராதி முதலில் 1978இல் வந்தது. அப்போதே அதன் தனித்தன்மை, விளக்கங்களை ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள் எழுதிவிடுவது. தமிழ்வழியில் படித்து உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ கல்லூரிக்கு வருகிற மாணவருக்கு இது பெரிய விஷயம். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய், விளக்கத்தில் இருக்கிற இன்னும் மூன்று சொல்லுக்குப் பொருள் தேடுகிற அலைச்சல் இங்கே மிகக் குறைவு.

இந்த வினைக்கு லாங்மேன் தருகிற தலைப்பிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. புட் என்பதற்கும் ஃபார்வர்ட் என்பதற்கும் நடுவில் ‘யாரோ அல்லது எதுவோ’ என்று போட்டு, அதன் பக்கத்தில் இரண்டு பக்கமும் முனை உள்ள ஓர் அம்புக்குறி. செயப்படுபொருள் நடுவிலும் நிற்கும், பின்னாலும் நிற்கும் என்பதே அந்தக் குறிக்குப் பொருள். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அந்த அம்பைப் படிக்கத் தெரிந்தால், எந்த ஃப்ரேசல் வெர்பாக இருந்தாலும் சொல்வரிசைக் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ‘இட்’ வந்தால் நடுவில் மட்டும் என்ற விதியை அம்பு சொல்லாது. அதை நீங்கள் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருள்களை வரிசைப்படுத்திய விதமும் சரி. திட்டத்தையோ யோசனையையோ விவாதத்துக்கு வைப்பது முதலில், ஒருவரைப் பதவிக்குப் பரிந்துரைப்பது அடுத்தது, நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது பிறகு, கடிகார முள்ளைத் தள்ளிவைப்பது கடைசி. மதுரை மாணவர் ஒருவருக்கு எது எவ்வளவு தேவைப்படுமோ அதே வரிசை. முதல் பொருளின் விளக்கத்தில், முடிவெடுக்க வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேச்சைத் தொடங்கிவைப்பதற்காக என்ற குறிப்பும் சேர்ந்து வருகிறது. மேலே சொன்ன ‘பரிசீலனை’ என்ற உயிர்நாடியை இது தொட்டுவிடுகிறது.

இன்னொரு வசதி ஒலி. தனிச் சொல்லை உச்சரித்துக் காட்டாத அகராதியே இப்போது இல்லை. லாங்மேன் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படித்துக் காட்டுகிறது. வாக்கியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் போதும். ஃப்ரேசல் வெர்பில் அழுத்தம் பெரும்பாலும் ஒட்டின் மேல் விழும். ‘புட் இட் ஃபார்வர்ட்’ என்பதில் புட்டும் இட்டும் ஒட்டிக்கொண்டு விரைவாகப் போய்விடும். ‘ஃபார்’ என்ற அசை எடுப்பாகக் கேட்கும். எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் இது வராது, ஐந்தாறு முறை கேட்டுச் சொன்னால் வந்துவிடும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஃபார்வர்டின் இரண்டு ‘ர்’ ஒலிகளும் மறைந்துவிடுவதையும் அப்போது கவனியுங்கள். நாம் ‘ர்’ சேர்த்துச் சொல்வதில் தவறில்லை, யாருக்கும் புரியும்.

லாங்மேனில் வினையைத் தேடுவதைவிடப் பெயர்ச்சொல்லைத் தேடுவது அதிகம் பலன் தரும். ‘ப்ரொபோசல்’ என்று அடித்துப் பாருங்கள். அந்தச் சொல்லோடு எந்தெந்த வினை சேரும் என்று ஒரு பெட்டி வரும். அதில் ‘மேக்’குக்குப் பக்கத்தில் ‘புட் ஃபார்வர்ட்’ இருக்கும். குற்றச்சாட்டு, நிபந்தனை விஷயத்தில் தமிழ் காலை வாருவதைத் தடுக்க இந்த வழி ஒன்றுதான். என்ன சொல்லப் போகிறோமோ அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் போய், அது எந்த வினையைக் கூப்பிடுகிறது என்று பார்ப்பது. எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெட்டி கிடையாது. இல்லாத இடத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

குறை என்றால், வெறும் ‘புட்’ என்று தேடினால் வருகிற பக்கம். அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை பொருளும் அத்தனை ஃப்ரேசல் வெர்பும். விரல் வலிக்கத் தள்ள வேண்டும். தேடல் பெட்டியில் எப்போதும் இரண்டு சொல்லையும் சேர்த்தே அடியுங்கள்.

காலின்ஸ்

காலின்ஸ் தளத்தில் நமக்கு வேண்டியது கோபில்ட் அகராதி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் நடந்த திட்டத்திலிருந்து 1987இல் வந்தது. உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அதைப் பார்த்தே பதிவுகளை எழுதினார்கள். அதோடு விளக்கம் சொல்லும் முறையையே மாற்றினார்கள். மற்ற அகராதி ‘ஒன்றை விவாதத்துக்குப் பரிந்துரைத்தல்’ என்று துண்டாகச் சொல்லும் இடத்தில், கோபில்ட் ‘நீங்கள் ஒரு திட்டத்தையோ பெயரையோ முன்வைக்கிறீர்கள் என்றால்…’ என்று முழு வாக்கியமாகத் தொடங்கும்.

பார்ப்பதற்குச் சின்ன மாற்றம், பலன் பெரிது. விளக்கத்தின் முதல் பாதியிலேயே வினை, செயப்படுபொருள், அதன் இடம் மூன்றும் வந்துவிடுகின்றன. ப்ளான், ப்ரொபோசல், நேம் என்று எந்தப் பெயர்ச்சொற்கள் சேரும் என்பதும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘தட்’ நேராக வராது என்று யாரும் விதி சொல்லவில்லை, ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே பின்பற்றி எழுதுகிறவருக்குத் ‘தட்’ போடும் எண்ணமே வராது. விதியை மனப்பாடம் செய்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்த முறை முதலில் வழவழவென்று தோன்றும். பொறுமையாகப் படித்தால் விதியைவிட நன்றாக நிற்கும்.

எடுத்துக்காட்டுகளின் பக்கத்தில் பெரிய எழுத்தில் வினை, ஒட்டு, பெயர்ச்சொல் என்று வாக்கிய அமைப்பைக் குறித்திருப்பார்கள். ஒரு வாக்கியத்தில் பெயர்ச்சொல் கடைசியில், இன்னொன்றில் நடுவில். லாங்மேன் ஓர் அம்பில் சொன்னதை இங்கே இரண்டு வாக்கியத்தில் காட்டுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டால் மறக்காது.

சிரமமும் இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட அகராதிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். மேலே கோபில்ட், அதற்குக் கீழே வருபவை ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு எழுதிய பதிவுகள். அவற்றில் வாக்கிய அமைப்போ எளிய விளக்கமோ கிடைக்காது. கோபில்ட் முடிந்ததும் நின்றுவிடுங்கள். விளம்பரமும் அதிகம். திருமங்கலம் தாண்டி சிக்னல் விட்டுவிட்டு வருகிற பஸ்ஸில் இந்தப் பக்கம் திறப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். வைஃபை இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய தளம் இது.

கேம்பிரிட்ஜ்

அவசரத்துக்கு ஏற்றது. பக்கம் துப்புரவாக இருக்கும், தேடியது உடனே கண்ணில் படும். யோசனை அல்லது கருத்தைச் சொல்வது, திட்டத்தையோ ஆளையோ பரிந்துரைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவந்து, மற்றவர்கள் பரிசீலிப்பதற்காக என்று முடித்துவிடுகிறார்கள். சுருக்கத்தில் இதை அடிக்க முடியாது. ‘சென்ற ஆகஸ்டில் முன்வைக்கப்பட்ட திட்டம்’ என்கிற மாதிரி, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘புட் ஃபார்வர்ட்’ ஒட்டிக்கொள்ளும் எடுத்துக்காட்டும் உண்டு. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு மிகவும் தேவையான அமைப்பு அது: ‘தி ப்ரொபோசல் புட் ஃபார்வர்ட் பை தி ஸ்டூடன்ட்ஸ்’. இங்கே புட்டுக்கு முன்னால் ‘வாஸ்’ சேர்க்க வேண்டியதில்லை, ‘விச் வாஸ்’ என்பது தொக்கி நிற்கிறது.

தலைப்பில் ‘சம்திங்’ நடுவில் நிற்பதைப் பார்த்து, எப்போதும் நடுவில்தான் வர வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. எடுத்துக்காட்டுகளையும் படித்தால் அது நீங்கும். பக்கத்தின் அடியில் பல சொற்களுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதக் குறிப்புகளிலிருந்து வாக்கியங்களைத் தானாக எடுத்துப் போடுகிறார்கள். நீளமான, கனமான வாக்கியங்கள். கற்பவருக்கென்று தேர்ந்தெடுத்தவை அல்ல. அவற்றை மாதிரியாகக் கொள்ளாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்ட்

நம் வீடுகளில் மரியாதைக்குரிய பெயர். ஏ.எஸ். ஹார்ன்பி தொகுத்து 1942இல் ஜப்பானில் வெளியான கற்பவர் அகராதியின் வழிவந்தது. பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. மொத்தத்தில் மிகச் சிறந்த அகராதிகளில் ஒன்று. இந்த வினைக்கு மட்டும் அது கொஞ்சம் சுற்றுவழி.

காரணம், நேரம் தொடர்பான பொருள்களை முன்னால் வைத்துவிட்டு, யோசனை முன்வைக்கும் பொருளைப் பிறகு தருகிறது. அவசரமாகத் தேடுகிற மாணவர் முதல் வரியைப் பார்த்து, தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் இதன் பொருள் போல என்று மூடிவிடுவார். முதல் வரியோடு நிற்காதீர்கள். ஆளைப் பரிந்துரைப்பதைத் தனித் தலைப்பாகப் பிரித்து, ‘உங்களை அல்லது ஒருவரை’ என்று காட்டியிருப்பது நல்ல ஏற்பாடு. ‘புட் யுவர்செல்ஃப் ஃபார்வர்ட்’ என்பது தனியாக மனத்தில் பதிகிறது.

அந்த நேரப் பொருளையும் இங்கேயே பேசிவிடுவோம், ஏனென்றால் வேலைக்குப் போன பிறகு அது தொல்லை கொடுக்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கூட்டத்தை ‘புட் ஃபார்வர்ட்’ செய்தார்கள் என்றால் முன்கூட்டியே வைக்கிறார்கள். சித்திரைத் தேரோட்டத்தன்று இருந்த கூட்டத்தை அதற்கு இரண்டு நாள் முன்னால் வைத்தால், அது இரண்டு நாள் ஃபார்வர்ட். கடிகாரத்தை ‘புட் ஃபார்வர்ட்’ செய்தால் முள் அடுத்த மணியை நோக்கிப் போகிறது. ஒரே பதிவில் தேதி முன்னால் வருகிறது, மணி கூடுகிறது. இந்தியாவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இரண்டாவது பொருள் நமக்குத் தேவைப்படுவதில்லை. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று அது எல்லோர் வாயிலும் வரும். தேதி விஷயத்தில் நம் நாட்டில் ‘ப்ரீபோன்’ இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலேயே இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இடம்பெற்ற சொல். நமக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதி, புதிய தேதியையும் கிழமையையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். தேதியைப் போட்டுவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்ட் இணையதளம் இலவசம். செயலியில் முழு அகராதி வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். இந்தத் தேவைக்கு இணையதளமே போதும்.

நான்கிலும் இல்லாதது

அக்கம்பக்கத்து வினைகளோடு ஒப்பிட்டுக் காட்டுவது. யோசனையைச் சுற்றி ஆங்கிலத்தில் ஐந்தாறு ஃப்ரேசல் வெர்ப்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டே தவிர, எதை எங்கே விட வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்லும் பக்கம் இல்லை. ஒரே யோசனையை வைத்து வரிசையாகப் பார்த்தால் விளங்கிவிடும்.

மதுரைப் பூ மார்க்கெட்டில் விற்காமல் மீந்து வாடுகிற மல்லிகையை உரமாக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. தோன்றிய அந்த நிமிடம், ‘கம் அப் வித்’. யோசனை உங்கள் தலையில் பிறக்கிறது, இன்னும் யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் பூக்கழிவு என்ற பேச்சையே எடுக்கிறீர்கள். அது ‘பிரிங் அப்’. இங்கே தீர்வு எதுவும் சொல்லவில்லை, விஷயத்தைக் கிளப்பினீர்கள், அவ்வளவுதான். உரம் தயாரிக்கலாம் என்ற திட்டத்தைப் பரிசீலனைக்கு வைக்கும்போதுதான் ‘புட் ஃபார்வர்ட்’. தினம் எத்தனை கிலோ, எந்த இடம், யார் செலவு என்று அடுக்கி விளக்குவது ‘செட் அவுட்’. அத்தனையும் எதிரே இருப்பவருக்குப் புரிகிற மாதிரி சேர்ப்பது ‘புட் அக்ராஸ்’. ‘ஹீ புட் ஃபார்வர்ட் இட் வெல்’ என்று சொல்ல வருகிறவர்கள் உண்மையில் தேடுகிற வினை இந்தக் கடைசியில் வருவதுதான்: நன்றாக எடுத்துச் சொன்னார் என்றால் ‘ஹீ புட் இட் அக்ராஸ் வெல்’.

பேச்சில் இந்த வினை எவ்வளவு கனம் என்பதும் அகராதியில் தெளிவாக வருவதில்லை. குரூப் டிஸ்கஷனில் ‘ஐ வுட் லைக் டு புட் ஃபார்வர்ட் அ சஜஷன்’ என்று ஒரு முறை தொடங்குவது நன்றாக இருக்கும். மூன்று முறை சொன்னால் அரசாணை வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். சொந்த யோசனைக்கு ‘ஐ சஜெஸ்ட்’, ‘வை டோன்ட் வீ’, ‘ஹவ் அபவுட்’ என்று மாற்றி மாற்றிப் பேசுங்கள். இந்த வினை உண்மையிலேயே ஒளிர்வது அடுத்தவர் சொன்னதை எடுத்துப் பேசும்போதும், அறிக்கையில் எழுதும்போதும். முதலில் பேசியவர் வைத்த கருத்தைக் குறிப்பிட்டு, அதோடு சேர்த்து உங்கள் கருத்தைச் சொல்வதற்கு ‘தி பாயின்ட் புட் ஃபார்வர்ட் பை தி ஃபர்ஸ்ட் ஸ்பீக்கர்’ என்பதைவிடக் கச்சிதமான தொடர் கிடையாது. மதிப்பெண் போடுகிறவர், நீங்கள் கவனித்துக் கேட்டீர்கள் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்வார்.

தமிழ் விளக்கம் தருகிற அகராதிகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் நிகரான சொல் தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். சொல் எங்கே நிற்கும், எதோடு சேரும் என்பது அதன் வேலை இல்லை. மொழிபெயர்ப்புச் செயலிகளும் பொருளைத் தரும், அம்பைத் தராது. பொருளுக்குத் தமிழ், அமைப்புக்கு லாங்மேனும் காலின்ஸும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் பயன்படும்.

பழகுவதற்குப் பத்து நிமிடம் போதும். நாளைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ அந்தப் பெயர்ச்சொல்லை லாங்மேனில் பாருங்கள். அது ‘புட் ஃபார்வர்ட்’ ஏற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கேட்டுத் திரும்பச் சொல்லுங்கள். பிறகு காலின்ஸ் வாக்கியத்தைப் பார்த்து உங்கள் ஊர் விஷயத்தில் ஒன்று எழுதுங்கள். அதிலேயே பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். ‘இட்’ தானாக நடுவுக்குப் போகிறதா என்று பாருங்கள். கடைசியாக, அதே வாக்கியத்தை ‘வாஸ் புட் ஃபார்வர்ட் பை’ என்று திருப்பி எழுதுங்கள். இந்த மூன்று வடிவமும் தடங்கலில்லாமல் வந்தால் இந்த வினை உங்களுடையது. மற்ற ஃப்ரேசல் வெர்ப்களுக்கும் இதே வழிதான்.

அச்சு அகராதியே வேண்டும் என்பவர்கள் அவசரப்பட்டுப் புதுப் பதிப்பு வாங்க வேண்டாம். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடத்தில் முதலில் கேட்டுப் பார்த்து, எந்த அகராதியின் பக்க அமைப்பு கண்ணுக்குப் பிடிக்கிறது என்று முடிவு செய்யுங்கள். பிறகு பழைய புத்தகக் கடையில் அதன் முந்தைய பதிப்பை எடுத்தாலே போதும். ‘புட் ஃபார்வர்ட்’ மாதிரியான வினைகளின் பொருளும் அமைப்பும் பத்துப் பதினைந்து ஆண்டில் மாறிவிடுவதில்லை. இந்த அகராதிகளின் தாள் மிக மெல்லியது, ‘புட்’ இருக்கிற பக்கங்கள் அதிகம் புரட்டப்படுபவை. காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா, பைண்டிங் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று அங்கேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.